நாற்பத்தேழாம் ஊரின் ரத்த அழுத்தம்

"பயந்தா, அந்தப் பயத்தையும் சேர்த்தா இந்த மெஷின் அளக்கும்?"

கேட்டவள் அடெரோ. பதினோரு வயது. எங்கள் ஆய்வு நிலையத்தைப் பள்ளிப் பிள்ளைகள் சுற்றிப் பார்க்க வந்த நாளில், ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைத் தன் கையில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"நல்ல கேள்வி" என்றேன். நான் அப்படிச் சொன்னால் பதில் நீளமாக வரப்போகிறது என்று பொருள். "பாரும்மா, ஒருத்தர் பயந்திருப்பார். இன்னொருத்தர் தூங்கி வழிவார். ஆயிரம் பேரை அளந்தா இந்தக் கூடுதல் குறைச்சல் எல்லாம் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டுப் போயிடும். கடைசியில நிக்கிறதுதான் உண்மை."

"எல்லாரும் பயந்தா?"

"எல்லாரும் ஒரே நேரத்துல எதுக்கும்மா பயப்படப் போறாங்க?"

அவள் பட்டையைக் கழற்றி வைத்தாள். பிறகு "சரி" என்று சொல்லிவிட்டு பிஸ்கட் தட்டை நோக்கிப் போய்விட்டாள். அன்று மாலை, குழந்தைகளுக்குப் புரியும்படி பேசுவது ஆண்டவர் எனக்குக் கொடுத்த வரம் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. அவள் இரக்கமுள்ளவள்.

என் பெயர் ஜாபெத் அகுட்டு. ஊர்க்காரர்கள் என்னை டாக்டர் என்கிறார்கள். நான் வைத்தியர் அல்ல. விரலில் முள் குத்தினால் எனக்கே வேறொருவர்தான் எடுத்துவிட வேண்டும். நான் புள்ளிவிவரக்காரன். ஏரிக்கரையில் உள்ள எங்கள் நிலையம் முப்பது ஆண்டுகளாகச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு வீடாகப் போய், அதே மனிதர்களை ஆண்டுதோறும் அளந்து வருகிறது: எடை, உயரம், சர்க்கரை, ரத்த அழுத்தம். ஒரு நோய் சொல்லிக்கொண்டு வருவதில்லை. மெதுவாக வருகிறது. அது வரும் வழியைப் பார்க்க வேண்டுமென்றால் அதே வாசலில் பொறுமையாக உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த வேலையை நான் ஒரு வகை ஜெபமாகவே நினைக்கிறேன். ஜெபத்தில் தூங்கிவிடுகிறவர்களும் உண்டு.

நைரோபியில் வளர்ந்து, வெளிநாட்டில் படித்து, நாற்பது வயதுக்குப் பிறகு சொந்த மண்ணுக்கு வந்தவன் நான். எங்கள் லுவோ மொழியைப் பேசுவேன். பழக்கவழக்கங்கள் எல்லாம் தெரியும் என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கணக்கில் ஊர்களுக்குப் பெயர் கிடையாது. எண்தான். யார் ஊர் என்று தெரிந்தால் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பதற்காக நானே செய்த ஏற்பாடு. அளப்பதற்கு உள்ளூர்ப் பிள்ளைகளையே வேலைக்கு எடுக்கிறோம். ஆனால் யாரும் தன் சொந்த ஊரை அளக்கக் கூடாது. இதுவும் என் ஏற்பாடு. பயிற்சியின்போது அவர்களிடம் நான் தவறாமல் சொல்லும் வாக்கியம் ஒன்றுண்டு: "சீருடை போட்டுட்டா நீங்க யாருக்கும் மகன் இல்ல, தம்பி இல்ல, மருமகன் இல்ல. நீங்க ஒரு தராசு." அந்த வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

நாற்பத்தேழாம் ஊரில்தான் அதிசயம் நடந்தது. இருபத்தெட்டு ஆண்டு அமைதியாக இருந்த அந்த ஊரில், கடைசி இரண்டு சுற்றுகளில் ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. எல்லாருக்கும் அல்ல. ஆண்களுக்கு ஏறவில்லை. இளம்பெண்களுக்கு ஏறவில்லை. நாற்பத்தைந்தைக் கடந்த பெண்களுக்கு மட்டும், கிட்டத்தட்ட எல்லாருக்கும், மளமளவென்று ஏறியிருந்தது. தற்செயலாக இப்படி நடக்க வாய்ப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டேன். புள்ளிக்குப் பிறகு வந்த பூஜ்யங்களைப் பார்த்து எனக்கே உடம்பு சிலிர்த்தது.

காரணம் தேடினேன். அந்த ஊர்ப் பெண்கள் ஓமெனா என்ற ஏரிப் பொடிமீனைக் காய வைத்துக் கருவாட்டு வியாபாரம் செய்கிறவர்கள். உப்பு! இருபது ஆண்டாகக் கருவாட்டைத் தொட்டு, முகர்ந்து, தின்று வந்த உடம்பில் உப்பு ஒரு நாள் தன் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறது. இளம்பெண்களுக்கு இன்னும் அந்த நாள் வரவில்லை. ஆண்கள் கருவாடு காய வைப்பதில்லை. எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது என்று பாருங்கள். வயது, எடை, அடுப்புப் புகை என்று எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தேன். அளந்தவர் யார் என்ற ஒரு கட்டமும் கணினிப் பட்டியலில் இருந்தது. அது சம்பளப் பிரிவுக்கானது என்று அதைத் தொடவில்லை.

நைரோபியில் நடக்கவிருந்த மாநாட்டில் இதைப் பற்றிப் பேச எனக்கு இடம் கிடைத்தது. பெரிய அரங்கு, காலை நேரம். காலை நேரம் என்றால் கேட்பவர்கள் விழித்திருப்பார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பெரெஸ் வந்தாள்.

பெரெஸ் அகுமு நாற்பத்தேழாம் ஊர்க்காரி. படகில் தீவுகளுக்குப் போய் ஓமெனா வாங்கி வந்து சந்தையில் விற்பவள். அடெரோவின் தாய். இரண்டு சுற்றிலும் அழுத்தம் கூடியிருந்ததால் எங்கள் விதிப்படி அவளுக்குச் சீட்டு கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தோம். அங்கே மாத்திரை கொடுத்திருந்தார்கள்.

அவள் என் அறைக்குள் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேலியைப் பார்த்தபடி நின்றாள். உள்ளே என் மேசையருகே நின்ற டோர்கஸிடம் பேசினாள். டோர்கஸ் எங்கள் மூத்த களப்பணியாளர். தென்கரைப் பக்கத்துப் பெண்.

"டோர்கஸ், உங்க டாக்டர்கிட்ட சொல்லும்மா. அந்த மாத்திரையைத் தின்னா எனக்கு உலகமே சுத்துது."

நான் மூன்றடி தூரத்தில் இருந்தேன். இருந்தாலும் டோர்கஸ் என் பக்கம் திரும்பி, "மாத்திரை தின்னா சுத்துதாம் சார்" என்றாள்.

"பழக ரெண்டு மாசம் ஆகும்னு சொல்லு."

"பழக ரெண்டு மாசம் ஆகுமாம்மா."

"ரெண்டு மாசத்துல என் இடத்துல வேற ஒருத்தி உக்காந்துடுவான்னு சொல்லு. படகுக்காரன் சொல்லிட்டான். 'அக்கா, நடு ஏரியில நீ தலை சுத்தி விழுந்தா நான் மீனைப் பிடிப்பேனா, உன்னைப் பிடிப்பேனா'ன்னு கேக்கறான். வீட்ல அஞ்சு வயிறு இருக்கு டோர்கஸ். எனக்கு ஒரு வியாதியும் இல்ல. இன்னொரு தடவை அளக்கச் சொல்லு. வேற யாரையாவது வச்சு அளக்கச் சொல்லு."

"வேற யாரை வச்சு அளந்தாலும் அதே எண்தான் வரும்னு சொல்லு. அளவுக்கு ஆள் முகம் தெரியாது."

முதுகு வேலிப் பக்கம் ஓரடி நகர்ந்தது. பிறகு, "அளவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே" என்று வேலியிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டது.

"ஏன் சார் அந்தம்மா உங்களைப் பார்க்கவே மாட்டேங்குறாங்க?" என்று டோர்கஸ் கேட்டாள்.

"படிச்சவங்களைக் கண்டா கிராமத்துல ஒரு கூச்சம் இருக்கும் டோர்கஸ். நாமதான் அவங்களை இயல்பா இருக்க வைக்கணும்."

டோர்கஸ் என் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள்.

எங்கள் இயக்குநருக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. "அந்த ஊரை அளக்கிற பையன் ஒழுங்காத்தான் அளக்கிறானா ஜாபெத்?" என்று கேட்டார். அளந்தவன் ஒபியேரோ. நிதானமானவன். இரண்டு ஆண்டுக்கு முன், பழைய களப்பணியாளரான ஒரு பெண் ஓய்வு பெற்றபோது அந்த ஊரை அவனுக்குக் கொடுத்தேன். அப்போது அவன் தயங்கியபடி வந்து, "சார், எனக்கு வேற ஊர் கொடுங்களேன்" என்றான். "விருப்பப்படி ஊரை மாத்தினா ஆய்வு சாய்ஞ்சுடும்பா" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு போனான். இவ்வளவு பணிவுள்ள பிள்ளை தவறாக அளப்பானா? என்றாலும் இயக்குநர் கேட்டுவிட்டார். பெரெஸும் கேட்டிருந்தாள். ஆகவே நானே நேரில் போய் அளப்பது என்று முடிவு செய்தேன். சார்பில்லாத இரண்டாவது அளவீடு. அறிவியலில் இதைவிட நேர்மையான காரியம் இல்லை.

டோர்கஸை அழைத்துக்கொண்டு வண்டியில் போனேன். வழியில் பள்ளிக்கூடப் பலகையில் 'கமோலோ' என்று எழுதியிருந்தது. எங்கேயோ கேட்ட பெயராகத் தோன்றியது. நல்ல ஊர்களின் பெயரெல்லாம் எங்கேயோ கேட்டதாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பெண்கள் மாமரத்தடியில் கூடியிருந்தார்கள். என் வண்டியைக் கண்டதும் அவர்களுக்குள் ஒரு முணுமுணுப்பு ஓடியது. மூத்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே அசைவில் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். துணியை இழுத்துத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டார்கள்.

"சீக்கிரம் முடிச்சு அனுப்புங்கடி அவரை" என்றது ஒரு துணி.

"அவராவது நம்மளைத் தொடறதாவது. உலகம் முடியப் போகுது" என்றது இன்னொன்று.

"முடியட்டும். அதுக்குள்ள யாராவது கோழியைப் பிடிங்க."

இதையெல்லாம் நான் கேட்டேன். விருந்தோம்பலைப் பற்றிய பேச்சு என்று புரிந்துகொண்டேன்.

அவர்கள் கையை மட்டும் பின்னால் நீட்டினார்கள், திருப்பத்தில் சைக்கிள்காரர் காட்டுவது போல. எங்கள் பயிற்சி நூலில் இந்த நிலை இல்லை. நான் பட்டையைச் சுற்றினேன். என் விரல் பட்டதும் கை கட்டையாக விறைத்தது. ஒருத்தி வாய்க்குள் பைபிள் சங்கீதம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெரெஸ் தன் முறை வந்தபோது, "டோர்கஸ், மூச்சு விடலாமான்னு கேளு" என்றாள்.

எண்கள் ஏறின. ஒபியேரோ எழுதிய எண்களுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றன. பெரெஸுக்கு ஒருபடி கூடவே. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஓர் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் நோயாளிகள் என்று உறுதியாகும்போது மகிழ்ச்சி அடையக்கூடிய தொழில் என்னுடையது.

இளம்பெண்களை டோர்கஸ் அளந்து முடிக்கும்வரை வண்டியருகே காத்திருந்தேன். திரும்பிப் பார்த்தால் வண்டியின் முன்பக்கத்தில் மூடிபோட்ட ஒரு புல்கூடை. உள்ளே ஆவி பறக்கும் உகாலி என்ற சோளக்களி, முழுக்கோழிக் குழம்பு. கோழியின் இரைப்பையைத் தனியே ஓர் இலையில் பொதிந்து வைத்திருந்தார்கள். யாரையும் காணவில்லை.

"பெரெஸ் அம்மா வச்சுட்டு அந்தப் பக்கமா ஓடினாங்க" என்றாள் டோர்கஸ். "சார், கோழி எல்லாருக்கும் அடிக்க மாட்டாங்க. இரைப்பையை எல்லாருக்கும் எடுத்து வைக்க மாட்டாங்க. நீங்க யாரு சார் இவங்களுக்கு?"

"விஞ்ஞானம், டோர்கஸ்" என்றேன், இரைப்பையை மென்றுகொண்டே.

பெரெஸ் தன் நோயை ஏற்றுக்கொண்டுவிட்டாள், இது அதன் அடையாளம் என்று நினைத்தேன். கூடை காலியானதும் வண்டியின் பின்புறம் போட்டேன். அங்கேயே கிடந்தது.

மாநாட்டுக்குப் போகுமுன் எங்கள் அலுவலக விதிப்படி எனக்கு ஓர் உடல்நலச் சான்று வேண்டியிருந்தது. மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அறைக்குள் நுழைந்ததும் கால் நின்றுவிட்டது. மேசைக்குப் பின்னால் இருந்த நர்ஸ் கன்சொலாட்டா என் மாமியாரின் தங்கை. வேறு ஊரில் வேலை பார்த்தவர், இங்கே மாற்றலாகி வந்தது எனக்குத் தெரியாது.

அவரும் என்னைப் பார்த்துவிட்டார். உடனே சுவரில் இருந்த நாட்காட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்களில் மாமியார் முறையில் உள்ளவரும் மருமகனும் நேருக்கு நேர் பார்ப்பதோ தொடுவதோ கூடாது.

"வெளியே உக்காரச் சொல்லுங்க" என்று நாட்காட்டியிடம் சொன்னார். அறையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. "ஒகேலோ டீ குடிக்கப் போயிருக்கான். அவன் வந்து பார்ப்பான்."

நான் வெளியே உட்கார்ந்திருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு கொள்கை இருந்ததே. "பரவாயில்ல, நீங்களே பாருங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னேன். "சீருடை போட்டுட்டா உறவு இல்ல."

"அப்படின்னு யார் சொன்னது?"

"நாங்க பயிற்சியிலயே சொல்லிக் கொடுக்கிறோம்."

அவர் பெருமூச்சு விட்டார். நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் கையை நீட்டி, முகத்தை நாட்காட்டிக்கே கொடுத்துவிட்டு, என் கையில் பட்டையைச் சுற்றினார். அவர் விரல் நுனி என் முழங்கையில் பட்டது. என் மாமியாரின் தங்கை. அந்த ஒரு தொடுகையில் என் காதுக்குள் மேளம் அடித்தது. நெற்றி வேர்த்தது. சின்ன வயதில் அம்மா மிரட்டி வைத்த அத்தனை எச்சரிக்கையும் எந்தப் பல்கலைக்கழகத்தையும் மதிக்காமல் நேரே ரத்தத்தில் இறங்கியது. கருவி உறுமி, நின்று, எண்ணைக் காட்டியது. ஓமெனா வியாபாரிகளையே மிஞ்சிய எண்.

அந்நேரம் ஒகேலோ உள்ளே வந்தான். பல் குத்திக்கொண்டே வந்த இளைஞன். கன்சொலாட்டா வெளியே போய்விட்டார். ஒகேலோ என்னைக் கொஞ்சம் ஆறவிட்டு, கால்பந்துப் போட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசி, மறுபடி அளந்தான். இருபது வயதுக்காரனுக்கு வருவது போல வந்தது.

"இது எப்படி?" என்றான், இரண்டு எண்ணையும் மாறி மாறிப் பார்த்து.

கதவுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது. "ஒகேலோ, மாப்பிள்ளைக்கு ஒரு வியாதியும் இல்லன்னு சொல்லு. மாமியார் மட்டும்தான்."

ஒகேலோ விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது. எல்லாரும் பயந்தா? என்று பிஸ்கட் தட்டுக்குப் போகுமுன் ஒரு குழந்தை கேட்டது நினைவுக்கு வந்தது.

நிலையத்துக்கு வந்ததும் ஒபியேரோவைக் கூப்பிட்டேன்.

"நீ எந்த ஊர்ல பொண்ணு எடுத்திருக்க?"

"கமோலோ சார்."

"நாற்பத்தேழா?"

"உங்களுக்கு நாற்பத்தேழு சார். எனக்கு மாமியார் ஊர்."

"ஏன்பா சொல்லல?"

"வேற ஊர் கேட்டேன் சார். சாய்ஞ்சுடும்னீங்க. அப்புறம் பயிற்சியில, மருமகன் இல்ல, தராசுன்னீங்க." அவன் தொப்பியைக் கையில் சுழற்றினான். "தராசாத்தான் இருக்கப் பார்த்தேன். நான் போற நாள்ல அந்த அம்மாங்க காலையில இருந்தே சாப்பிட மாட்டாங்களாம். எனக்கும் முந்தின நாள் தூக்கம் வராது."

அந்த ஊரில் ஒபியேரோவின் மனைவிக்குத் தாய், சின்னம்மா, பெரியம்மா முறையில் உள்ள பெண்கள் அத்தனை பேரும் அவனுக்கு மாமியார்தான். இளம்பெண்கள் மைத்துனிகள். அவர்களுக்கு என்ன பயம்? ஆண்களுக்கு என்ன கூச்சம்? என் அழகான கணக்கு ஒரே நிமிடத்தில் கூரை இல்லாத வீடாக நின்றது.

என்றாலும் ஒரு துரும்பு மிச்சமிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். "சரி. நீ மருமகன். ஆனா நான் அளந்தப்பவும் அதே எண்தானே வந்தது? நான் யாருக்கும் மருமகன் இல்லையே?"

ஒபியேரோ கூரையைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். "உங்க அண்ணனை ஒரு வார்த்தை கேளுங்க சார்" என்றான் மெதுவாக.

அண்ணன் காலேபுக்குப் போன் செய்தேன். அவர் கல்யாணத்தின்போது நான் வெளிநாட்டில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். வாழ்த்து அட்டை அனுப்பினேன்.

"அண்ணி எந்த ஊருண்ணே?"

அண்ணன் பதிலுக்குக் கேட்டார்: "ஜாபெத், அவளை நீ என்னன்னு கூப்பிடுவ?"

"நியார் கமோலோன்னு." எங்கள் வழக்கப்படி, வாழ வந்த பெண்ணை அவள் பிறந்த ஊரின் மகள் என்றுதான் அழைப்போம்.

"பன்னெண்டு வருஷமா கமோலோ மகளே, கமோலோ மகளேன்னு கூப்பிட்டு அவ கையால சோறு தின்னியே. அது என்ன, சோப்புப் பேருன்னு நினைச்சியா?"

பின்னால் அண்ணி சிரிப்பது கேட்டது. "பெரெஸ் சின்னம்மா அன்னிக்கே சொன்னாங்க" என்று அவர் போனை வாங்கிப் பேசினார். "சம்பந்தி வீட்டு ரெண்டாவது மாப்பிள்ளை ஏதோ பெரிய ஆபீஸ்ல இருக்காரு, முறை தெரியாம எங்க கையிலேயே மெஷினை மாட்டிட்டாருன்னு. முறை தெரியாத மாப்பிள்ளையானாலும் பசியோட அனுப்ப முடியாதுன்னு கோழி அடிச்சாங்களாம். சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்" என்றேன். அண்ணனுக்கு மாமியார் முறையானவர்கள் எங்கள் வழக்கப்படி தம்பிக்கும் மாமியார்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழந்தாளிட்டேன். ஜெபம் பாதியில் நின்றுவிட்டது. மாநாட்டு நிகழ்ச்சி நிரல் அச்சாகிவிட்டது. என் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. உள்ளுக்குள் ஒரு குரல் சமாதானம் சொன்னது: உப்பு கெடுதல்தானே? கொஞ்சம் குறைத்துத் தின்றால் யாருக்கு என்ன நஷ்டம்? கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணை மூடினால் ஜன்னலுக்கு வெளியே ஒரு முதுகு தெரிந்தது. படகில் தன் இடத்தை இழந்துகொண்டிருந்த முதுகு. என் ஆய்வுக் கட்டுரை அரங்கேறினால் அவள் வியாதிக்காரியாகவே இருந்தாக வேண்டும். அதற்கு மேல் ஆண்டவர் எனக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

திங்களன்று உரையைத் திரும்பப் பெற்றேன். இயக்குநர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "காரணம்னு என்ன எழுதறது?"

"மாமியார்னு எழுதுங்க."

டோர்கஸ் கமோலோவில் ஒரு வாரம் தங்கினாள். ஒவ்வொரு வீட்டிலும் முதலில் தேநீர் குடித்தாள், ஊர் வம்பு பேசினாள், அதற்குப் பிறகுதான் கருவியை எடுத்தாள். எண்கள் இறங்கின. மூன்று பெண்களுக்கு மட்டும் இறங்கவில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே நோய் இருந்தது. என் கூச்சலுக்கு நடுவே அந்த மூவரின் மெல்லிய குரல் எனக்குக் கேட்காமலே போயிருக்கும். பெரெஸுக்கு எதுவும் இல்லை. ஆஸ்பத்திரி டாக்டர் இரண்டு வாரம் பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்தினார். தலைசுற்றல் நின்றது.

ஊருக்கு நான் நேரில் சொல்ல வேண்டும் அல்லவா? போனேன். இம்முறை முறை தெரிந்து போனேன். மாமரத்துக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் பெண்கள். பட்டையுரிந்த அந்த அடிமரத்தைப் பார்த்து முழு உரையும் ஆற்றினேன். "தப்பு எங்க மேல. உங்க உடம்பு மேல இல்ல. உங்க கருவாடு மேலயும் இல்ல."

"அவரு நல்லாத்தான் பேசறாரு" என்றது மரத்துக்கு அப்பாலிருந்து ஒரு குரல்.

"மரத்துக்குக் கல்யாண வயசுல பொண்ணு இருந்தா கேட்டுப் பாருடி" என்றது இன்னொன்று. மரம் குலுங்கும்படி சிரித்தார்கள்.

பிறகு பெரெஸின் குரல் வந்தது. "டோர்கஸ், மாப்பிள்ளைகிட்ட சொல்லு. தப்பைச் சொல்ல வந்தாரே, அது போதும்னு சொல்லு. வெயில் ஏறுமுன்ன கிளம்பச் சொல்லு."

இப்போது எங்கள் பயிற்சியில் என் அருமை வாக்கியம் இல்லை. அதற்குப் பதில் ஒரு கேள்வி இருக்கிறது: உங்கள் மாமியார் ஊர் எது? அண்ணன் தம்பிகளின் மாமியார் ஊரும் சேர்த்து. கமோலோவை இனி டோர்கஸ் அளக்கிறாள். ஒபியேரோ வேறு ஊருக்குப் போய் நன்றாகத் தூங்குகிறான்.

திரும்பி வரும் வழியில் டோர்கஸ் வேறு ஏதோ பேச்சில் ஒன்றைச் சொன்னாள். பெரெஸுக்குப் படகில் பழைய இடம் கிடைத்துவிட்டது. ஆனால் மீன் சுமக்கும் பெரிய அலுமினியப் பேசின் இல்லை. தலை சுற்றிப் படுத்திருந்த மாதங்களில் அதை விற்றுவிட்டாள். இப்போது இரவல் பேசினில் கொண்டு வருகிறாள். "அந்தம்மா யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க சார்" என்றாள். வண்டியின் பின்புறம் அந்தப் புல்கூடை ஒவ்வொரு பள்ளத்திலும் உருண்டுகொண்டே வந்தது. மாமியார் வீட்டுக் கூடையைக் காலியாகத் திருப்பித் தருவது எங்களிடம் வழக்கமில்லை. அதுகூட எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கமோலோக்காரர்கள் சனிக்கிழமையை ஓய்வுநாளாக அனுசரிக்கும் சபையைச் சேர்ந்தவர்கள். சனி காலை ஊரில் ஓர் ஆள் இருக்காது. அந்த நேரம் பார்த்து, வண்டியைப் பள்ளிக்கூடத்தருகே நிறுத்திவிட்டு நடந்து போனேன். தூரத்துக் கோயிலிலிருந்து பாட்டு வந்துகொண்டிருந்தது. பெண்களின் குரல் நல்ல உயரத்தில் ஏறியது. பெரெஸ் வீட்டுக் கள்ளிவேலிக்கு உள்ளே நான் கால் வைக்கவில்லை. வாசல் இடைவெளியில், வெயில் படாத பக்கமாக, புதுப் பேசினை இறக்கி வைத்தேன். அதற்குள் அந்தக் கூடை. கூடைக்குள் சர்க்கரை, தேயிலை, இரண்டு கட்டி சோப்பு. காற்றில் மூடி பறக்காமல் இருக்க ஒரு கல்லை எடுத்து அதன் மேல் வைத்தேன். பாட்டு முடிவதற்குள் வண்டிக்குத் திரும்பிவிட்டேன்.